கருகிப்போன ரெசிஸ்டர்: ஓம் சரி, வாட்டில் கோட்டை விட்டேன்

12 வோல்ட் அடாப்டரில் 1 வாட் எல்இடி ஒன்றை எரியவிட நினைத்தேன். எல்இடி 3.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், 350 மில்லிஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. மீதி 8.8 வோல்ட்டை, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்தான் ஏற்க வேண்டும். அதை 0.35 ஆம்பியரால் வகுத்தால் சுமார் 25 ஓம் மின்தடை. கையில் 27 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் இருந்தது. அதையே சால்டர் செய்தேன்.

எல்இடி பளிச்சென்று எரிந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை, கருகல் வாடை. ரெசிஸ்டரின் சிவப்பு, ஊதா, கறுப்புக் கோடுகளில் கறுப்பு மட்டும்தான் மிச்சம்!

ஓம் கணக்கில் தப்பே இல்லை. வாட் கணக்கைத்தான் நான் போடவே இல்லை. 8.8-ஐ 27-ஆல் வகுத்தால் 0.326 ஆம்பியர், அதை 8.8-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 2.9 வாட். அவ்வளவும் ரெசிஸ்டரில் சூடாக மாறும். கால் வாட் ரெசிஸ்டர் தாங்குமா?

5 வாட் ரெசிஸ்டர் போட்டிருக்கலாம். ஆனால் 1 வாட் வெளிச்சத்துக்கு 3 வாட்டைச் சூடாக வீணடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் மூன்று எல்இடிகளைத் தொடராக இணைத்தேன். மொத்தம் 9.6 வோல்ட், மிச்சம் 2.4. அதற்கு 6.8 ஓம் போதும். ரெசிஸ்டரில் 0.85 வாட்தான் போகிறது, ஆனாலும் 2 வாட் வகையைப் போட்டேன். எல்இடிகளுக்குச் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கும் உண்டு.

இப்போது மீட்டரில் ரெசிஸ்டரின் இரு முனைக்கும் நடுவே 2.38 வோல்ட். 6.8-ஆல் வகுத்தால் சரியாக 0.35 ஆம்பியர்.