நட்சத்திரம் பேச்சுக்கா, தொடுதலுக்கா?

5 வயதுப் பையன். 'க' வராது, கிளியைத் 'திளி' என்பான், கையைத் 'தை' என்பான். நேரில் வர முடியாத வாரங்களில், ஆன்லைன் கற்றல் தளம் ஒன்றில் படம் பார்த்துச் சொல்லும் விளையாட்டை வைத்து ஸ்பீச் தெரபி நடத்தினேன். ஆர்வமாகத்தான் உட்கார்ந்தான். பதிவைத் திரும்பப் போட்டு எண்ணியபோதுதான் மனசு கனத்துப்போனது: 20 நிமிடத்தில் அவன் வாய்விட்டுச் சொன்ன சொற்கள் 14. மீதி நேரம் விரல்தான் வேலை செய்தது. படத்தைத் தொட்டாலே நட்சத்திரம் விழுந்தது. பிறகு அவன் ஏன் பேச வேண்டும்?

அடுத்த முறை திரையை நானே பகிர்ந்து, மவுஸை என் கையில் வைத்துக்கொண்டேன். ஒரு படத்தின் பெயரை 5 தடவை சொன்னால்தான் க்ளிக். அவன் சொல்வதைக் கேட்டுத் தளம் போடும் தானியங்கி மதிப்பெண்ணையும் நிறுத்திவிட்டேன். அது 'திளி'க்கும் சரி போட்டுக்கொண்டிருந்தது. க, த வித்தியாசத்தைக் காதால் கேட்டுச் சொல்வது தெரபிஸ்டின் வேலை, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

அம்மாவிடம் கேமராவைப் பையனின் வாய்க்கு நேராக வைக்கச் சொன்னேன். நாக்கு நுனி மேல்பல்லை முட்டுவது பளிச்சென்று தெரிந்தது. "தம்பி, தலையைக் கொஞ்சம் பின்னால சாய்ச்சுக்கிட்டுச் சொல்லு பார்க்கலாம்" என்றேன். நாக்கு உள்வாங்கியது. "க்... கிளி!"

(ஸ, ஷ பழகும் குழந்தை என்றால் வீடியோ அழைப்பின் இரைச்சல் குறைப்பை அணைத்துவிடுங்கள். அந்த உரசொலிகளையும் இரைச்சலென்று எடுத்துக்கொண்டு மழுக்கிவிடக்கூடும்.)

அன்றைய பதிவில் அவன் வாய்விட்டுச் சொன்னவற்றின் எண்ணிக்கை 63. அதில் 9 தெளிவான 'க'.