நல்ல புத்தகம் ஒண்டு சொல்லுங்கோ

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் வேலியடியில் நின்று கேட்டான்: "அண்ணை, வாசிக்க நல்ல புத்தகம் ஒண்டு சொல்லுங்கோ." திருகோணமலை நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு வெள்ளைக்காரரைப் படகில் ஏற்றிப் போகிற பெடியன். கண்ணாடி மாட்டி அவர்களோடு தண்ணீருக்குள்ளும் இறங்குவான். நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. எனக்கு உயிரான ஒரு நாவலை, எழுநூறு பக்கத்துக்குக் குறையாது, அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். நாலு மாதம் கழித்து அது திரும்பி வந்தது. 38ஆம் பக்கத்தில் ஒரு படகுச் சீட்டு அடையாளமாகச் செருகியிருந்தது. "நல்லா இருந்தது அண்ணை" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

இதில் பிழை பாதி அவனுடையது, பாதி என்னுடையது. "நல்ல புத்தகம்" என்று கேட்டால், கேட்கப்பட்டவருக்கு எது நல்லதோ அதுதான் வரும். மருந்துக்கடையில் போய் "நல்ல மருந்து தாங்கோ" என்று கேட்பது போலத்தான். அவன் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது கடலைப் பற்றி. நான் அவனிடம் கேட்டிருக்க வேண்டியது, "கடைசியா எதை வாசிச்சு நித்திரை முழிச்சனீ?" என்பதை. பத்திரிகையில் வந்த ஒரு கொலை வழக்காக இருந்தாலும் பரவாயில்லை. அதிலிருந்து தொடங்கலாம்.

புதிய எழுத்தாளர்களையும் பழக்கமில்லாத வகைகளையும் தேடிப் போகிறவர்கள் செய்கிற தவறுகளில் இதுதான் முதலாவது. மற்றவற்றையும் சொல்கிறேன். பெரும்பாலானவை நானே செய்தவை.

ஒரே தட்டின் முன்னால் நிற்பது

இருபது வருடம் நூலகத்துக்குப் போய்வந்தும் நான் ஒரே ஒரு தட்டின் முன்னால்தான் நின்றிருக்கிறேன். பொது நூலகங்களில் பெரும்பாலும், பொருளுக்கேற்ப எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்குகிற டூயி தசமப் பகுப்புத்தான் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி தமிழ் நாவலும் சிறுகதையும் 894.8113. கவிதை பக்கத்திலேயே 894.8111. இலங்கை வரலாறு எங்கோ தள்ளி 954.93. நாவல் வாசிக்கிறவர் அந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. "அது சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு" என்று ஒரு எண்ணம்.

ஆனால் 954.93இல் என்ன இருக்கிறது தெரியுமா? 1660இல், நமது கொட்டியாரக் குடாவில், பாய்மரம் உடைந்த கப்பலைத் திருத்த வந்த இடத்தில், றொபேட் நொக்ஸ் என்ற பத்தொன்பது வயது ஆங்கிலேயப் பெடியன் தகப்பனோடு சேர்த்துக் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபடுகிறான். அடுத்த வருடமே தகப்பன் காய்ச்சலில் இறந்துபோகிறார். மகன் ஏறத்தாழ இருபது வருடம் மலைநாட்டில் கைதியாக இருந்து, தொப்பி பின்னி விற்று, ஊர் ஊராகத் திரிந்து பாதை படித்து, 1679இல் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி ஓடுகிறான். அவன் எழுதிய புத்தகம் 1681இல் இலண்டனில் வெளியானது. 'ராபின்சன் குரூசோ' எழுதிய டானியல் டீஃபோ அதை வாசித்தவர். தன் வேறொரு நாவலுக்குள் நொக்ஸின் கதையைச் சுருக்கி அப்படியே வைத்திருக்கிறார். ராபின்சன் குரூசோவின் தனிமைக்குப் பின்னாலும் நொக்ஸின் நிழல் உண்டு என்று சொல்கிறவர்கள் பலர். மூதூர்க் கரையில் தொடங்கிய கதை ஒன்று உலக நாவலின் அத்திவாரத்துக்குள் போயிருக்கிறது. நாம் அதை "வரலாறு" என்று தள்ளிவைத்துவிட்டு, சாகசக் கதை கிடைக்கவில்லையே என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

வகை என்பது நூலகருக்கு வேண்டியது. புத்தகத்தை ஏதோ ஓரிடத்தில் வைத்துத்தானே ஆகவேண்டும்? வாசகருக்கு அது வேலியாகிவிடக் கூடாது.

தட்டு மாறிப் போகும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். புத்தகத்தின் கடைசி அட்டையைத் திறந்தால், உட்பக்கத்தில் திகதி முத்திரை குத்திய தாள் ஒட்டியிருக்கும். ஊதா மை, சிவப்பு மை, சில இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று. அதைக் கொஞ்சநேரம் பாருங்கள். எண்பதுகளில் மூன்று வருடத்துக்குள் பதினைந்து முறை போன புத்தகம், பிறகு ஒரேயடியாக நின்றுபோயிருக்கும். புத்தகம் கெட்டுப்போகவில்லை, அதை வாசித்த ஆட்கள் ஊரில் இல்லாமல் போய்விட்டார்கள். அப்படிப்பட்ட தாள் கொண்ட புத்தகத்தை நான் யோசிக்காமல் எடுத்து வருவேன். எந்த "வாசிக்க வேண்டிய நூறு" பட்டியலையும்விட அந்த மை எனக்கு நம்பகம்.

பெயரை ஒரே எழுத்தில் தேடுவது

"நூலகம் இணையத்தில தேடினன் அண்ணை, அப்பிடி ஒரு ஆள் இல்லை" என்று, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்திருக்கிற 'நூலகம்' இணையத்தளத்தைப் பற்றி எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆள் இருப்பார். எழுத்து வேறாக இருக்கும்.

திருகோணமலையில் 1939இல் பிறந்து, தமிழ்ப் புதுக்கவிதையின் போக்கையே மாற்றிய கவிஞரை எடுங்கள். தருமு சிவராம் என்றும் இருப்பார், பிரமிள் என்றும் இருப்பார். எண்சோதிடத்தில் ஈடுபாடு இருந்த மனிதர். பெயரை அடிக்கடி மாற்றி எழுதியவர். ஒரு பெயரில் மட்டும் தேடினால் பாதி ஆள்தான் கிடைப்பார். அதைவிடச் சிரிப்பு என்னவென்றால், இந்தியாவில் அவரை வாசித்த பலருக்கு அவர் நம்மூர் ஆள் என்பது தெரியாது. நம்மூரில் பலருக்கு அவர் கவிஞர் என்பதே தெரியாது.

மூதூரின் வ. அ. இராசரத்தினம் இன்னொரு உதாரணம். "இராசரத்தினம்", "ராஜரத்தினம்", வெறும் "வ.அ." என்று எப்படியும் எழுதியிருப்பார்கள். அவருடைய 'தோணி' சிறுகதைத் தொகுதியை "இ" வரிசையில் தேடிக் களைத்து, கடைசியில் "வ" வரிசையில் கண்டெடுத்தேன். ஆகவே பெயர் கிடைக்காவிட்டால் நூலின் தலைப்பால் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் ஊர்ப் பெயரால். அதுவும் சரிவராவிட்டால் பழைய இதழ்களுக்குள் போங்கள்.

இதழ்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் நாட்டு எழுத்தாளர்களில் பாதிப்பேர் புத்தகத்துக்குள் முழுதாக வந்து சேரவே இல்லை. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை' பல பத்தாண்டுகள் வந்தது. அதன் ஏராளமான இதழ்கள் நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு இதழைத் திறந்தால் சிறுகதை, கவிதை, சிங்களத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பு, ஒரு சண்டைக் கட்டுரை, ஒரு வாசகர் கடிதம் என்று நாலைந்து வகை ஒரே இடத்தில் இருக்கும். புதிய பெயர் தேடுகிறவருக்கு இதைவிட மலிவான வழி இல்லை. போனில் முழு இதழையும் இறக்கி வாசிக்கப் போய்க் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பொருளடக்கத்தை மட்டும் பாருங்கள். இரண்டு மூன்று இதழ்களில் திரும்பத் திரும்ப வருகிற, ஆனால் நீங்கள் கேள்விப்படாத பெயர் எதுவோ, அதை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவதிலும் மிகப் பெரியதிலும் தொடங்குவது

சரித்திர நாவல் என்றவுடன் எல்லோர் வாயிலும் கல்கிதான். அது குற்றமில்லை. ஆனால் கல்கி எழுத வருவதற்கு வெகு முன்பே, 1895இல், 'மோகனாங்கி' வந்துவிட்டது. நாயக்கர் காலத்துக் கதை. தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படுவது. எழுதியவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை, திருகோணமலைக்காரர். இதைக் கேட்டவுடன் ஊர்ப்பற்றில் நெஞ்சு நிமிர்ந்து, "அப்ப அதிலயிருந்தே தொடங்கிறன்" என்கிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். நூற்றிருபது வருடத்துக்கு மேற்பட்ட உரைநடை அது. பழகாத கண்ணுக்கு உடனே வசப்படாது. ஒரு வகையின் முதல் நூலை அந்த வகையில் நாலைந்து வாசித்த பிறகுதான் ருசிக்க முடியும். அப்போது, எது எங்கிருந்து வந்தது என்று பார்க்கிற சந்தோசம் தனி.

அதேபோல ஒரு எழுத்தாளரின் மிகப் பெரிய, விருது வாங்கிய நூலில் தொடங்கி மூச்சுத் திணறி, "இவர் எனக்குச் சரிவராது" என்று முடிவுகட்டுவதும் வழக்கம். சிறுகதைத் தொகுதி இருந்தால் அதில் தொடங்குங்கள். பதினைந்து பக்கத்தில் ஆளின் குரல் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் நட்டம் ஒரு தேத்தண்ணி நேரம்தான்.

மலிவுப் பதிப்பைப் பார்த்து முகம் சுளிப்பது

மாத நாவல், துப்பறியும் கதை என்றால் சிலருக்கு மூக்கு மேலே போய்விடும். எழுபதுகளில் வீரகேசரிப் பத்திரிகை நிறுவனம் மலிவு விலையில் நாவல்களை வெளியிட்டுத் தள்ளியது. பஸ்ஸில் கையோடு கொண்டுபோய் வாசித்துச் சுருட்டி வைக்கிற புத்தகங்கள். பாலமனோகரனின் 'நிலக்கிளி', செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' எல்லாம் அந்த வரிசையில் வந்தவைதான். இன்று அவற்றைப் பட்டப்படிப்புக்கு ஆய்வு செய்கிறார்கள். தாளின் தரத்தையும் அட்டைப் படத்தையும் வைத்து எழுத்தைத் தீர்மானித்தவர்கள் அன்று எதைத் தவறவிட்டார்கள் என்று பாருங்கள்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் உண்டு, அது முழுக்க நம்முடையது. வெளியீட்டு விழாவுக்குப் போவோம். கடிதவுறையில் காசு வைத்து மேடையில் ஏறி, சிறப்புப் பிரதி வாங்கி, படமும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தை அலுமாரியில் வைத்துவிடுவோம். அவ்வளவுதான். நம் நூல்கள் பெரும்பாலும் சில நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன. கடைக்கு வருவது கொஞ்சம். மிச்சம் இப்படி அலுமாரிகளுக்குள் தூங்குகின்றன. வாசிப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்கிறவர் முதலில் வீட்டு அலுமாரியைத் திறக்கட்டும். ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை எல்லாவற்றையும் தாண்டி நேரே நடுப்பக்கத்துக்குப் போங்கள். எழுதியவரின் 'என்னுரை'யை மட்டும் விட்டுவிடாதீர்கள். தான் யாரை வாசித்து வளர்ந்தார் என்பதை அதில் எப்படியும் ஒரு வரி சொல்லியிருப்பார். உங்கள் அடுத்த புத்தகம் அந்த வரியில் இருக்கும்.

மொழிபெயர்த்தவரைக் கவனிக்காமல் விடுவது

மொழிபெயர்ப்பு ஒன்று பிடித்துப்போனால் எல்லோரும் மூல ஆசிரியரின் அடுத்த நூலைத் தேடுவார்கள். தமிழில் அது இருக்காது, அத்தோடு பயணம் நின்றுவிடும். மொழிபெயர்த்தவர் வேறு எதைக் கொண்டுவந்திருக்கிறார் என்று பார்த்தால் புதுக் கதவு திறக்கும். க. நா. சு. பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் சுவீடனின் செல்மா லாகர்லெவ் 'மதகுரு'வாக வருவார், நோர்வேயின் கனுட் ஹாம்சன் 'நிலவளம்' ஆக வருவார். இரண்டு நாடு, ஒரே மனிதரின் ரசனை.

தூரத்துக்கே போக வேண்டாம். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய'வை எம். எம். உவைஸ் 'கிராமப் பிறழ்வு' என்று தமிழில் தந்திருக்கிறார். ஒரே சந்தையில் மீன் வாங்குகிற மூன்று சமூகம் இருக்கிற ஊர் இது. சிங்கள நாவல் ஒன்றுகூட வாசிக்காமல் ருஷ்ய நாவல் பத்தைப் பற்றிக் கதைப்பது எனக்கு எப்போதும் விசித்திரமாகவே படுகிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் எழுதுகிற முஸ்லிம் எழுத்தாளர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, வேலியடித் தம்பிக்கு வருவோம். இரண்டாம் முறை நான் கொஞ்சம் யோசித்தேன். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இலங்கைக்கு வந்த புதிதில், 1956இல், திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கிற நம் சுவாமி மலைக்குக் கீழே கடலுக்குள் இறங்கினார். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்களைத் தண்ணீருக்கடியில் பார்த்தார். அடுத்த வருடம் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அறிவியல் புனைகதையே இல்லை, சுத்தமான சுழியோடிக் கதை. ஆங்கிலம்தான். ஆனால் தம்பிக்கு வெள்ளைக்காரரோடு பழகிய ஆங்கிலம் இருக்கிறது, மிச்சத்துக்குப் போனில் அகராதி இருக்கிறது.

ஒன்பது நாளில் வாசித்து முடித்துவிட்டான். "அந்தப் பாறை எனக்குத் தெரியும் அண்ணை, அதில நீரோட்டம் இப்பிடித்தான் இழுக்கும்" என்று கையால் காட்டினான். பிறகு, இவர் வேறென்ன எழுதினவர் என்று கேட்டான். பூமியிலிருந்து விண்வெளிக்குக் கட்டுகிற ஒரு மின்தூக்கியைப் பற்றி 1979இல் ஒரு நாவல் எழுதினார், அது இலங்கை மாதிரியான ஒரு தீவில்தான் நடக்கிறது, ஆனால் அந்தத் தூக்கி பூமத்திய ரேகையில்தான் நிற்க முடியும் என்பதால் தீவையே கொஞ்சம் தெற்கே இழுத்து வைத்துவிட்டார் என்றேன். தம்பி சிரித்தான். "தீவை இழுக்கிறதோ?"

அறிவியல் புனைகதை என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. அந்த நாவலையும் கொண்டு போயிருக்கிறான். சுழியோடிப் புத்தகத்தை இன்னும் திருப்பித் தரவில்லை. படகில் வைத்திருக்கிறானாம், வருகிற வெள்ளைக்காரருக்குக் காட்ட.