பழைய கார்வெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: வலி ஓரிடம், வினை வேறிடம்

என் 1974 செவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்கு, வாங்கிய முதல் வருஷத்திலேயே பின்பக்கப் பிரேக் காலிப்பர், அதாவது டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம், மூன்று ஜோடி மாற்றினேன். புது ஜோடி போட்டு, பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுத்து முடித்ததும் பெடல் கல் மாதிரி நிற்கும். இருநூறு முந்நூறு மைல் ஓடினால் மறுபடி பஞ்சு. மூன்றாவது தடவையும் கடைக்காரர் "காலிப்பர் சரியில்லை, வாரண்டியில் வேறு தருகிறேன்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வாங்கி வந்தேன். அந்த ஆறு காலிப்பரிலும் ஒரு குறையும் இல்லை என்பது அடுத்த வருஷம்தான் தெரிந்தது.

1968 முதல் 1982 வரை வந்த இந்தத் தலைமுறையை சி3 என்பார்கள். 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், அதனால் இன்றும் அமெரிக்காவில் தேடினால் கிடைக்கிறது. திருகாணியிலிருந்து டாஷ்போர்டு வரை புது பார்ட்ஸ் கிடைக்கிறது. வாங்கப்போகிறவர்கள் இதைப் பெரிய வசதி என்பார்கள். எனக்கு என்னவோ அதுதான் முதல் பொறி என்று படுகிறது. பார்ட் கிடைக்காத வண்டியென்றால் கோளாறு எங்கே என்று உட்கார்ந்து யோசிப்போம். கிடைக்கிற வண்டியென்றால் பெட்டி பெட்டியாக வரவழைத்து மாட்டிக்கொண்டே போவோம். இந்த வண்டியிலோ வலி தெரிகிற இடத்தில் வினை இருப்பது அபூர்வம்.

காலிப்பர் கதைக்கு வருகிறேன். 1965 முதல் 1982 வரை வந்த கார்வெட்டுகளில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஒவ்வொரு காலிப்பரிலும் நாலு பிஸ்டன். இன்றைய கார்களின் காலிப்பரில் சதுர ரப்பர் சீல் இருக்கும். பெடலை விட்டதும் அது பிஸ்டனைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். கார்வெட்டில் அப்படியில்லை. பிஸ்டனுக்குப் பின்னால் சின்ன ஸ்பிரிங் இருந்து பேடை எப்போதும் டிஸ்க்கோடு ஒட்டியே வைத்திருக்கும். சீல் உதடு மாதிரி விரிந்த வகை. உள்ளே இருக்கும் ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும், ஆனால் பிஸ்டன் முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தால் வெளிக்காற்றை மெல்ல உள்ளே விடும்.

பிஸ்டனை ஆட்டுவது யார்? கோணலாகச் சுற்றும் டிஸ்க். தொழிற்சாலையில் பின் டிஸ்க்கை, சக்கரம் மாட்டும் அச்சான ஸ்பிண்டிலோடு ரிவெட் அடித்து, இரண்டையும் ஒன்றாகவே லேத்தில் கடைந்தார்கள். பிற்காலத்தில் டிஸ்க் தேய்ந்ததும் நாம் என்ன செய்கிறோம்? ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு, புது டிஸ்க்கைச் செருகி, வீல் நட்டு பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். ஸ்பிண்டிலின் முகத்தில் இருக்கும் கொஞ்சம் கோணலும் புது டிஸ்க்கின் கோணலும் சேர்ந்துகொள்ளும். சர்வீஸ் புத்தகம் 0.005 இன்ச் வரை ஆட்டத்தை அனுமதிக்கிறது. ஒரு நோட்டுத் தாளின் பருமன்தான் அது. அந்த உதடு சீலுக்கு அதுவே அதிகம் என்பது என் அனுபவம். 0.002-க்குள் கொண்டுவந்த பிறகுதான் என் பெடல் நின்றது.

அளப்பதற்கு ஒரு டயல் கேஜ் போதும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, டிஸ்க்கை வீல் நட்டு போட்டு இறுக்கி, கேஜின் முனையை டிஸ்க்கின் முகத்தில் வைத்துக் கையால் சுற்றுங்கள். முள் எவ்வளவு ஆடுகிறதென்று பாருங்கள். அதிகம் ஆடினால் முதலில் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு ஸ்டட் (வீல் நட்டு ஏறும் போல்ட்) தள்ளி மாட்டிப் பாருங்கள். காசில்லாத வைத்தியம் அது. பாதி ஆட்டம் அதிலேயே போய்விடுவதுண்டு. என் வண்டியில் அப்படித்தான் போனது. மீதிக்கு ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்தேன். பேரிங்கே ஆடிக்கொண்டிருந்தால் மட்டும் இந்த அளவுக்கெல்லாம் அர்த்தமில்லை, அதை முதலில் பார்க்க வேண்டும்.

காலிப்பர் நிஜமாகவே கெடுவதும் உண்டு. வார்ப்பிரும்பு பிஸ்டன் குழியில் ஈரம் சேர்ந்து துருப்புள்ளி விழும், சீல் அதில் உரசிக் கிழியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போட்ட காலிப்பர் வாங்கினால் அந்தத் தொல்லை தீர்ந்தது. பிரேக் ஆயிலில் ஒரு எச்சரிக்கை. டாட் 5 என்பது சிலிகான், டாட் 5.1 என்பது பழைய 3, 4 வகையறா. பெயர் ஒன்று போல இருக்கிறதே என்று இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

அடுத்தது, "கார்வெட் துருப்பிடிக்காது" என்ற நம்பிக்கை. மேல்தோல் ஃபைபர்கிளாஸ், அது துருப்பிடிக்காது, சரி. அந்தத் தோலுக்குள் கண்ணாடியையும் கதவுகளையும் தாங்கி நிற்பது இரும்புக் கூடு. பறவைக்கூண்டு என்றே அதற்குப் பெயர். அதற்கும் கீழே இரும்பு சேஸிஸ். முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள பளபளப்பான பட்டைக்கு அடியில் தண்ணீர் இறங்கி, கண்ணாடித் தூணின் உள்வழியே ஓடி, கதவுக் கீலுக்குக் கீழே பாடியையும் சேஸிஸையும் இணைக்கும் இடத்தில் போய் நிற்கும். வெளியே ஒரு கொப்புளம்கூடத் தெரியாது. குளிர்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் ஒஹாயோ போன்ற மாநிலங்களில் ஓடிய வண்டியென்றால் சேஸிஸும் போயிருக்கும், முக்கியமாகப் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் அது மேல்நோக்கி வளையும் இடத்தில்.

ஆகவே வாங்கும்போதே கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். சேஸிஸை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்னும். போன இரும்பு 'டொக்' என்னும், சில சமயம் உள்ளிருந்து துரு கொட்டும். கதவைத் திறந்ததும் அது கீழே இறங்கினால், கீலில் தேய்மானம் என்று விற்பவர் சொல்வார். இருக்கலாம். தூணின் அடி போயிருக்கவும் இருக்கலாம். இதையெல்லாம் பார்க்காமல் முதல் செலவாக பெயின்ட் அடிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து இரும்பு வேலைக்காக அதே பெயின்ட்டை உடைப்பார்கள்.

பெயின்ட் அடிக்கத்தான் வேண்டுமென்றால் ஃபைபர்கிளாஸை மணல் பீய்ச்சிச் சுரண்ட விடாதீர்கள், தோலே பொத்துப்போகும். சவர பிளேடை வைத்து அடுக்கடுக்காக உரிப்பதுதான் இன்றும் நல்ல வழி, பொறுமை வேண்டும் அவ்வளவே. விரிசல் மேல் பட்டி பூசினால் அடுத்த கோடைக்குள் அதே கோட்டில் திரும்ப வரும். விரிசலைத் தேய்த்துத் திறந்து, கண்ணாடி நார் விரிப்பும் ரெசினும் வைத்துக் கட்ட வேண்டும். என் வண்டியில் பம்பர் நிறமும் பாடி நிறமும் கொஞ்சம் வேறு வேறாக இருக்கும். அதைச் சரிசெய்ய நான் பைசா செலவழிக்கவில்லை. வளையும் பம்பரிலும் வளையாத பாடியிலும் ஒரே பெயின்ட் ஒரே மாதிரி உட்காராது.

பின் சக்கர பேரிங்குக்கு இன்னொரு நாள் தனியாகவே எழுத வேண்டும். சுருக்கமாக இப்போது: கம்பெனி கொடுத்த அமைப்பில் வெளியிலிருந்து அதற்குக் கிரீஸ் அடிக்க வழியில்லை. அதனால் ஐம்பது வருஷமாக யாரும் தொடாமல் விட்டிருப்பார்கள். ஸ்பிண்டில் உள்ளே இறுக்கமாகச் செருகியிருக்கும். சுத்தியலால் அடித்தால் முனையில் உள்ள மரை மழுங்கிவிடும், அதற்கென்ற கருவி வேண்டும். திரும்பச் சேர்க்கும்போது ஸ்பேசரும் ஷிம்மும் வைத்து ஆட்டத்தை ஆயிரத்தில் ஒரு இன்ச் கணக்கில் அமைக்க வேண்டும். வீட்டில் முதல் தடவையாகச் செய்துபார்க்கிற வேலை இல்லை. சக்கரத்தைத் தாங்கும் முழு ஆர்மையும் கழற்றி, இதையே தொழிலாகச் செய்பவரிடம் அனுப்பினேன். வெட்கமே இல்லை.

பேரிங் என்று நினைத்து வேறு எதையோ மாற்றுவதும் நடக்கிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, பின் டயரின் உச்சியைப் பிடித்து இழுத்துத் தள்ளினால் 'டக் டக்'. உடனே பேரிங் ஆர்டர் போடுவார்கள். கார்வெட்டின் பின்பக்க ஆக்ஸில் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுற்றுவதோடு நிற்பதில்லை. சக்கரம் மேலே சாயாமல் பிடித்துக்கொள்ளும் கையும் அதுதான். டிஃபரென்ஷியலுக்குள் போகும் அதன் முனை தேய்ந்தால் ஷாஃப்டே உள்ளும் புறமும் நகரும். அப்போது பேரிங் புதிதாக இருந்தும் சக்கரம் ஆடும், நெடுஞ்சாலையில் வண்டி தானாக வழிவிலகும். ஒருவர் டயரை ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்து ஷாஃப்டின் உள்முனையில் விரல் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். தாங்குகட்டை இல்லாமல் வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகாதீர்கள். குறுக்கே கிடக்கும் அந்தப் பட்டை ஸ்பிரிங்கின் முனைப் போல்ட்டையும் அடியில் ஜாக்கி கொடுக்காமல் கழற்றக் கூடாது. அந்தப் பட்டை விடுபட்டு வரும் வேகம் கையை உடைக்கும்.

சூடாவது கார்வெட்காரர்களின் தீராத புலம்பல். உடனே அலுமினிய ரேடியேட்டர், இரட்டை எலெக்ட்ரிக் ஃபேன் என்று பட்டியல் போடுவார்கள். எப்போது சூடாகிறது என்று முதலில் கவனியுங்கள். சிக்னலில் நிற்கும்போது சூடானால் ஃபேன் கிளட்ச், அல்லது இக்னிஷன் டைமிங். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வாக்யூம் (எஞ்சினின் உறிஞ்சல்) குழாயை எவரோ கழற்றி அடைத்து வைத்திருப்பார், நிற்கும்போது எஞ்சின் கொதிக்க அது ஒன்றே போதும். ஓடும்போது சூடானால் காற்று வழி. இந்த வண்டி காற்றைப் பெரும்பாலும் முகத்தால் வாங்குவதில்லை, பம்பருக்கு அடியிலிருந்து வாங்குகிறது. கீழே தொங்கும் கறுப்புத் தடுப்புப் பட்டை உடைந்திருந்தாலோ, ரேடியேட்டரைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்சும் ரப்பரும் உதிர்ந்திருந்தாலோ, காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் ஓரமாக ஓடிவிடும். அந்த ரப்பருக்கு ஆகும் காசு ரேடியேட்டர் விலையில் கால்வாசிகூட வராது. கொஞ்சம் சீக்கிரமே திறக்கும் தெர்மோஸ்டாட் போடுவதால் எதுவும் தீராது. வெப்பத்தை வெளியேற்ற முடியாத ரேடியேட்டர் அப்போதும் முடியாமல்தான் இருக்கும். இதற்கெல்லாம் முன்னால் மீட்டரே பொய் சொல்கிறதா என்று இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டரால் பாருங்கள். கடையில் கிடைக்கும் புது சென்சார்கள் பல, பழைய மீட்டரோடு ஒத்துப்போகாமல் கூடுதலாகக் காட்டும்.

மின்சாரத்தில் நான் சொல்ல ஒன்றே ஒன்றுதான். ஃபைபர்கிளாஸில் மின்சாரம் ஓடாது. சாதாரணக் காரில் பாடியே எர்த். இங்கே ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் சேஸிஸ் வரை போக வேண்டும். இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட் மினுக்குகிறதா? பல்பையும் ஃபியூஸையும் விடுங்கள், எர்த் முனையைச் சுரண்டுங்கள்.

இனி பவர் கூட்டும் ஆசை. 1974-இன் அடிப்படை எஞ்சினுக்கு 195 குதிரைத்திறன். 1970-இன் எல்டி-1 எஞ்சினுக்கு 370 என்று படித்துவிட்டு மனம் நொந்துபோகிறவர்கள், நடுவில் அளக்கும் முறையே மாறியதைக் கவனிப்பதில்லை. 1972 முதல் ஃபேன், சைலன்ஸர் எல்லாம் மாட்டிய நிலையில் அளந்த நிகரக் கணக்கு. அதே எல்டி-1 அந்த வருஷம் 255 ஆனது. நிஜமாகவே கொஞ்சம் குறைந்தது, ஆனால் தாளில் தெரியும் அளவுக்கு இல்லை.

இந்த நோவுக்கு எல்லோரும் கைவைப்பது பெரிய கேம்ஷாஃப்ட்டில்தான், அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டில். சத்தம் கேட்க ஆனந்தமாக இருக்கும். ஆனால் பெரிய கேம் போட்டால் ஐடிலில் எஞ்சினின் வாக்யூம் இறங்கும். இந்த வண்டியில் வாக்யூமை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா? மடிந்து எழும் ஹெட்லைட்டைத் தூக்குவது வாக்யூம். பவர் பிரேக் இருந்தால் பூஸ்டருக்கும் அதுவே. கேம் மாற்றிய ஒருவரின் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். பெடலை இரண்டாவது முறை மிதிக்கும்போது மரக்கட்டையை மிதிப்பது போல இருந்தது, ஹெட்லைட் ஒன்று எழுந்து மற்றது யோசித்துக்கொண்டிருந்தது. அவர் பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தார். கேம் மாற்றியே தீருவேன் என்றால், பழைய தட்டை டேப்பட் எஞ்சினுக்குத் துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ள ஆயில் வேண்டும். இன்றைய கார் ஆயிலில் புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக அதைக் குறைத்துவிட்டார்கள். முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடாமல் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் இருபது நிமிஷமாவது ஓடவிட வேண்டும், இல்லையென்றால் புதுக் கேமின் முட்டு வழித்துக்கொண்டு போய்விடும்.

என் பணம் கேமுக்குப் போகவில்லை, ஐந்து கியர் பெட்டிக்குப் போனது. பழைய நாலு கியரில் 70 மைல் வேகத்துக்கு எஞ்சின் 3,000 சுற்று சுற்றும், பேச்சுக் கேட்காது. ஓவர்டிரைவ் வந்ததும் 2,000 பக்கம் இறங்கிவிட்டது. அதற்கும் முன்னால் டயர் மாற்றினேன். முந்தையவர் "புது டயர்" என்று விற்றார். பட்டன் நிறையத்தான் இருந்தது. பக்கவாட்டில் தயாரிப்புத் தேதியைச் சொல்லும் நாலு இலக்க எண்ணைப் பார்த்தால் வயது பதினேழு.

எஞ்சினை ரீபில்டுக்கு அனுப்பும் முன் ஒரு வேலை. பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கில் ஒரு சின்ன மேடை இருக்கும். துணியில் கார்ப் கிளீனர் தொட்டு மெதுவாகத் துடைத்தால் எண்கள் தெரியும். எஞ்சின் எந்த வகை, எந்த வண்டியோடு பிறந்தது என்பதெல்லாம் அதில்தான். எஞ்சின் அசலா என்று விலை பேசுகிறவர்களும், 1974-இல் தொடங்கிய நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டியின் நடுவர்களும் குனிந்து பார்க்கும் இடம் அது. எண்ணோடு சேர்த்து, தொழிற்சாலை மெஷின் விட்டுப்போன மெல்லிய கீறல்களையும் பார்ப்பார்கள். மெஷின் ஷாப்பில் பிளாக்கின் முகத்தைச் சமன்படுத்த ஒரு சீவு சீவினால் எண்ணும் கீறலும் ஒன்றாகப் போகும், அவர்களுக்கு அது வழக்கமான வேலை, யாரும் கூப்பிட்டுக் கேட்கமாட்டார்கள். நான் அந்த மேடையை நாலு கோணத்தில் போட்டோ எடுத்து வைத்துவிட்டு, பிளாக்கின் மேலேயே வெள்ளை மார்க்கரால் "இந்த முகத்தைத் தொடாதே" என்று எழுதி அனுப்பினேன். மார்க்கர் எழுத்து அழிந்து வந்தது. எண் இருந்தது.