எம்.ஆர்.ஐ. ஸ்கேனை நியூரல் நெட்வொர்க்கால் வேகப்படுத்த: எங்கே தொடங்குவது?

எம்.ஆர்.ஐ. மெஷின் நேராகப் படம் எடுப்பதில்லை. கே-ஸ்பேஸ் என்ற அலைவெண் தளத்தை வரி வரியாக அளக்கிறது, நேரமெல்லாம் அங்கேதான் போகிறது. நாலில் ஒரு பங்கு வரிகளை மட்டும் அளந்தால் ஸ்கேன் நேரமும் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். ஆனால் அதை அப்படியே ஃபோரியர் மாற்றம் (அலைவெண்ணையும் படத்தையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக்கும் கணக்கு) செய்தால் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து விழும். அதைச் சரிசெய்யத்தான் நியூரல் நெட்வொர்க், அதாவது எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் கணினி மாடல்.

முதலில் டேட்டா. கையில் இருக்கும் டைகாம் (மருத்துவப் படங்களைச் சேமிக்கும் வடிவம்) படங்களை ஃபோரியர் மாற்றம் செய்து, அதையே கே-ஸ்பேஸ் என்று வைத்துக்கொள்ளலாம் எனத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அந்தப் படங்களில் ஃபேஸ் (அலையின் கட்டம்) தகவல் போய்விட்டது, பல காயில்களின் (சிக்னலை வாங்கும் சுருள்கள்) சிக்னல் ஏற்கெனவே ஒன்றாகிவிட்டது, மெஷினே இடைவெளிகளைப் பூஜ்யத்தால் நிரப்பி மெருகேற்றியும் இருக்கும். அதில் பழக்கிய மாடல் உண்மையில் இருப்பதைவிடத் திறமையாகத் தெரியும், நிஜ ஸ்கேனில் சறுக்கும். நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ மையமும் ஃபேஸ்புக்கும் 2018இல் தொடங்கிய ஃபாஸ்ட்எம்ஆர்ஐ திட்டத்தில் முழங்கால், மூளை ஸ்கேன்களின் அசல் கே-ஸ்பேஸ் கிடைக்கிறது, விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மாஸ்க், அதாவது எந்த வரிகளை வைத்துக்கொள்வது, எவற்றை விடுவது என்ற தேர்வு. நடுவில் உள்ள வரிகளில்தான் படத்தின் மொத்த வடிவமும் கான்ட்ராஸ்டும் இருப்பதால் அவற்றை முழுசாக வைத்துக்கொள்ள வேண்டும். 4 மடங்கு வேகத்துக்கு நடுப்பகுதி 8%, 8 மடங்குக்கு 4% என்பது அந்தத் திட்டத்தில் புழங்கும் கணக்கு. பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது ஸ்லைஸ் (ஒரு குறுக்குவெட்டுப் படம்) வாரியாக அல்ல, நோயாளி வாரியாகப் பிரியுங்கள்.

மாடலுக்கு, படத்தை வாங்கிப் படத்தையே திருப்பித் தரும் யூ-நெட் என்ற நெட்வொர்க்கில் தொடங்கலாம், ஒப்பிட ஒரு அடிப்படை அளவு கிடைக்கும். அதோடு நிற்காதீர்கள். வேரியேஷனல் நெட்வொர்க் வகை மாடல்கள் ஒவ்வொரு கட்டத்திலும் தாங்கள் உருவாக்கிய படத்தைத் திரும்ப கே-ஸ்பேஸுக்குக் கொண்டுபோய், மெஷின் உண்மையிலேயே அளந்த வரிகளோடு ஒத்துப்போகச் செய்கின்றன. இந்தச் சரிபார்ப்பு இல்லாத மாடலை நோயாளியின் படத்துக்கு அருகில்கூடக் கொண்டுபோகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மதிப்பீட்டில் எஸ்.எஸ்.ஐ.எம். (இரு படங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவு) எண் ஏறியதும் மகிழ்ந்துவிட வேண்டாம். அது படம் முழுவதற்கும் எடுக்கும் சராசரி, குருத்தெலும்பில் மெல்லிய கிழிசல் ஒன்று மறைந்துபோனால் எண்ணில் தெரியவே தெரியாது. 2020 ஃபாஸ்ட்எம்ஆர்ஐ போட்டியில் சில மாடல்கள் உடலில் இல்லாத அமைப்புகளையே வரைந்திருந்தன. அதனால் முழு ஸ்கேன் படத்தையும் மாடலின் படத்தையும், எது எது என்று சொல்லாமல், ரேடியாலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள். 3 டெஸ்லா (காந்தப்புலத்தின் வலிமை) மெஷின் டேட்டாவில் பழக்கியதை 1.5 டெஸ்லா டேட்டாவிலும், நோயாளி அசைந்த ஸ்கேன்களிலும் தனியாக ஓட்டிப் பாருங்கள்.