பள்ளியிலேயே மனநல உதவி: எங்கே தொடங்குவது, எங்கே சறுக்கும்

மனநல மருத்துவர் எட்டாத ஊர்களிலும் வளரிளம் பிள்ளைகளுக்கு, ஆய்வில் பலன் தெரிந்த உதவியைக் கொடுக்க முடியும். டெல்லி அரசுப் பள்ளிகளில் சங்காத் அமைப்பின் 'பிரைட்' திட்டம் அதைச் செய்தது: மனநலப் பட்டம் இல்லாத ஆலோசகர்கள், மூன்று வாரம், நான்கைந்து சந்திப்பு, கூடவே படக்கதைக் கையேடு. கையேடு மட்டும் வாங்கிய மாணவர்களைவிட ஆலோசகரைச் சந்தித்த மாணவர்களுடைய பிரச்சினைச் சுமை அதிகம் குறைந்தது. ஆனால் ஆறாவது வாரத்தில் பொதுவான மனநல அறிகுறிகளில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அதனால் பெற்றோரிடம் பெரிய வாக்குறுதி வேண்டாம்.

ஆலோசகரை நியமிக்கும் முன்பே, உயிரை விட நினைக்கும் பிள்ளையை யார், எந்த மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது என்று எழுதி வையுங்கள். இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் 14416 இரவு பகலாக இயங்குகிறது. பிள்ளைக்கு அடி உதை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

உதவி தேவைப்படும் பிள்ளைகளை அனுப்ப ஆசிரியர்களை மட்டும் நம்பினால் வகுப்பில் சத்தம் போடும் பையன்கள்தான் வருவார்கள். கடைசி பெஞ்சில் வாடிக் கிடக்கும் பெண் விடுபட்டுப்போவாள். வகுப்பு வகுப்பாகப் போய் அரை மணி நேரம் பேசுங்கள். பிள்ளைகளே பெயர் எழுதிப் போட ஒரு பூட்டிய பெட்டி வையுங்கள்.

பிள்ளைகளின் மனநலச் சிக்கல்களை அளக்கும் எஸ்.டி.கியூ. வினாத்தாள் தமிழிலும் உண்டு. 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2. இதில் 7, 11, 14, 21, 25 ஆகியவற்றுக்குத் தலைகீழாக (0 என்றால் 2, 2 என்றால் 0) மதிப்பெண் போட வேண்டும்; அவசரத்தில் பலரும் தவறுவது இங்கேதான். பிறருக்கு உதவும் குணம் பற்றிய ஐந்து கேள்விகள் மொத்தத்தில் சேராது, ஆக உச்சம் 40. எண்ணை வைத்து நோய்ப் பெயர் சூட்டாதீர்கள். படிப்பும் தூக்கமும் எவ்வளவு கெடுகிறது என்று கேளுங்கள்.

முதல் சந்திப்பில் ஒரே ஒரு பிரச்சினையைப் பிள்ளையே தேர்ந்தெடுத்து, அதன் பாரத்துக்கு 0 முதல் 10 வரை எண் சொல்லட்டும். "அப்பா குடிச்சிட்டு வந்தா படிக்க முடியல" என்றால், அப்பாவைத் திருத்துவது பிள்ளையின் கையில் இல்லை. படிக்க இடம் தேடுவது கையில் இருக்கிறது. பள்ளியிலேயே ஒரு மணி நேரம், அத்தை வீடு, விடிகாலை என்று பிள்ளை வாயிலிருந்து நாலைந்து வழி வரும்வரை நீங்கள் எழுதிக்கொண்டு மட்டும் இருங்கள். ஒன்றைச் செய்துபார்த்துவிட்டு வரட்டும். அடுத்த முறை மறுபடி எண் கேளுங்கள்.

வாரம் ஒருமுறை ஆலோசகர்கள் கூடி, பிள்ளையின் சம்மதத்தோடு எடுத்த ரெக்கார்டிங்கைக் கேட்டு ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட வேண்டும். பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது இந்தக் கூட்டம்தான். அது நின்றால் சந்திப்புகள் சீக்கிரமே வெறும் புத்திமதியாகிவிடும், பிள்ளைகள் வருவதை நிறுத்திவிடுவார்கள். வேறெதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது புதிதாக யாரையும் தொடங்க வேண்டாம், பாதியில் அறுந்துவிடும். நெருக்கடியில் இருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது, அவர்களை அன்றைக்கே பாருங்கள்.