கயாக்கில் கேமரா உறைக்குள் படிந்த பனிமூட்டம்

கேமராவின் நீர்புகா உறைக்குள் மூட்டம் படியும் தொல்லை ஒருவழியாகத் தீர்ந்தது. கயாக்கில் (சிறு துடுப்புப் படகு) போய் மலையும் ஆறும் சேர்த்து எடுத்த படங்களில், முதல் சில மட்டும் பளிச். அப்புறம் நடுவில் வட்டமாக வெண்மூட்டம்.

நீர் புகாமல் தடுக்கும் உறையின் ரப்பர் வளையத்தை மாற்றினேன். பயனில்லை. உள்ளே வைத்த டிஷ்யூ நனையவே இல்லை, ஆக கசிவும் இல்லை. கண்ணாடியில் பூசும் மூட்டத்தடுப்புத் திரவம் கொஞ்ச நேரமே தாங்கியது.

குளிர்ந்த நீர் தெறித்த பிறகுதான் மூட்டம் வந்தது, அதுவும் முன்கண்ணாடியில் மட்டும். கேமரா சூட்டில் உள்ளே அடைபட்ட ஈரக்காற்று, குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது! ஆற்றங்கரையில் உறையை மூடினால் அந்த ஈரக்காற்றையும் சேர்த்தே மூடுகிறோம்.

இப்போது முந்தின இரவே, காற்று உலர்ந்திருக்கும் ஏசி அறையில், ஆற்றில் மறுபடி திறக்க வேண்டியிராதபடி முழு சார்ஜும் காலி மெமரி கார்டுமாக உறையை மூடிவிடுகிறேன். கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள். ஆரஞ்சு மணிகள் பச்சையாகியிருந்தால் அது ஈரம் குடித்துத் தீர்ந்தது; மின் அடுப்பில் (ஓவன்) சுமார் 120 டிகிரி செல்சியஸில் நிறம் திரும்பும்வரை உலர்த்த வேண்டும்.