ஈர ரோட்டில் எல்எஸ்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோண்டா சிவிக் டைப் ஆர், 2020-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245, 2025-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. இந்த மூன்றையும் இழுப்பது முன்சக்கரங்கள். அந்தச் சக்கரங்களுக்கு நடுவே இருப்பது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், சுருக்கமாக எல்எஸ்டி. டிஃபரன்ஷியல் என்பது இன்ஜின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுத்து, வளைவில் அவை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் அமைப்பு; எல்எஸ்டி அந்த வேக வித்தியாசத்துக்கு ஓர் அளவு வைக்கும். பழைய சிவிக், போலோ போன்ற வண்டிகளில் இதைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொண்டவர்களும் உண்டு. இவர்களில் பலர் "எல்எஸ்டி இருக்கு, மழையில் பயமில்லை" என்கிறார்கள். இது பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் ஓட்டும்போதுதான் வண்டி வளைவில் நேராகப் போய்த் தடுப்பில் முட்டுகிறது.

முதலில் சரியான பாதி. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு திருப்புவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தால், அது தாங்கும் சின்ன அளவுதான் மற்றதற்கும் கிடைக்கும். கொல்லிமலை ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அதில் மழை நாளில் ஏறும்போது பாரம் பின்பக்கம் சாய்கிறது, முன்பக்கம் இலேசாகிறது, அதிலும் வளைவின் உள்பக்க முன்சக்கரத்தில் பாரம் மிகக் குறைவு. சாதாரண வண்டியில் அந்தச் சக்கரம் கீச்சிட்டுக்கொண்டு சும்மா சுற்றும், வண்டி தவழும். எல்எஸ்டி உள்ள வண்டி விசையை வெளிப்பக்கச் சக்கரத்துக்குத் தள்ளிவிடுவதால் பிசகாமல் ஏறிவிடும்.

இனி மறுபாதி. எல்எஸ்டி இருக்கிற பிடிப்பைப் பங்கிட்டுக் கொடுக்கிறதே தவிர, புதிதாகப் பிடிப்பை உண்டாக்குவதில்லை. இன்னொரு விஷயம், இதைத்தான் நிறையப் பேர் யோசிப்பதில்லை: சாதாரண டிஃபரன்ஷியலில் உள்சக்கரம் சும்மா சுற்றுவது ஓர் எச்சரிக்கை. சத்தம் வருகிறது, ஆர்பிஎம் முள் எகிறுகிறது, வேகம் கூடுவதில்லை. ஆனால் வெளிச்சக்கரம் ஒழுங்காக உருண்டுகொண்டிருப்பதால் ஸ்டியரிங் இன்னும் பேச்சுக் கேட்கும். எல்எஸ்டி வண்டியில் இந்த எச்சரிக்கை கிடைக்காது. இரண்டு முன்சக்கரங்களும் கடைசி வரை பிடித்துக்கொண்டே போய், எல்லை தாண்டியதும் ஏறக்குறைய ஒன்றாகவே விட்டுவிடும். டயருக்கு இருக்கும் பிடிப்பு ஒன்றுதான். இழுப்பதற்கும் திரும்புவதற்கும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். இரண்டு டயரும் இழுப்பதிலேயே மொத்தத்தையும் செலவழித்துவிட்டால் திரும்ப ஒன்றும் மிஞ்சாது.

காய்ந்த ரோட்டில் இந்த எல்லை மிக உயரத்தில் இருப்பதால் பொதுச் சாலையில் யாரும் அங்கே போவதில்லை. ஈரத்தில் டயரின் பிடிப்பு சுமார் மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது, பட்டன் (டயரின் மேலுள்ள பள்ளம்) தேய்ந்திருந்தால் இன்னும் கீழே. கோல்ஃப் ஜிடிஐயின் இன்ஜின் 370 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தருகிறது, 2017-இல் வந்த சிவிக் டைப் ஆர் (எஃப்கே8 தலைமுறை) 400. இரண்டாவது கியரில், ஈர வளைவில், டர்போ விழித்துக்கொண்டால் அந்த எல்லை கால் கட்டைவிரல் தூரத்தில்தான்.

ஆக்ஸிலேட்டரால் மூக்கைத் திருப்பும் பழக்கம்

இந்த வகைக் கார் ஓட்டிப் பழகியவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கும். வளைவின் நடுவில் வண்டி கொஞ்சம் அகலமாகப் போவது போல இருந்தால் ஆக்ஸிலேட்டரை அழுத்துவார்கள். எல்எஸ்டி வெளிச்சக்கரத்தை அதிகம் தள்ளும், மூக்கு உள்ளே வரும். காய்ந்த ரோட்டில் இது அருமையாக வேலை செய்கிறது. 1995-இல் ஜப்பானில் வந்த ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆரை இன்றைக்கும் மக்கள் கொண்டாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மழையில் அதே பழக்கம் எதிராகத் திரும்பும். வெளிச்சக்கரத்துக்கே பிடிப்பு இல்லாதபோது அங்கே இன்னும் விசையைத் தள்ளினால், மூக்கு உள்ளே வராது, நேராக வெளியே போகும்.

அப்போது பயத்தில் ஸ்டியரிங்கை இன்னும் ஒடிப்பார்கள். டயர் ஏற்கெனவே தாங்க முடியாத கோணத்தில் இருக்கிறது, மேலும் ஒடித்தால் அது தேய்த்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். அடுத்து வருவது எல்லாவற்றிலும் மோசம்: காலைச் சட்டென்று முழுவதுமாக எடுப்பது. பாரம் முன்னால் பாய்ந்து, முன் டயர்கள் திடீரென்று பிடிப்பைத் திரும்பப் பெறும். ஸ்டியரிங்கோ இன்னும் நிறைய ஒடித்த நிலையில் இருக்கும். பின்பக்கம் இலேசாகிவிடும். மூக்கு வெடுக்கென்று உள்ளே பாய, வால் வெளியே வீசும்.

செய்ய வேண்டியது கேட்கச் சுலபம். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள், முழுவதும் விடாதீர்கள். ஸ்டியரிங்கைச் சிறிது நேராக்குங்கள். டயர் பிடிக்கும்வரை பொறுங்கள். வளைவு நம்மைவிட்டுத் தள்ளிப் போகிறபோது ஸ்டியரிங்கைக் குறைக்கச் சொன்னால் மனம் ஒப்பாதுதான், ஆனால் வேறு வழி கிடையாது. இந்த நிலைமையே வராமல் இருக்க வேண்டுமென்றால், மழையில் வழக்கத்தைவிட ஒரு கியர் மேலே வைத்து ஓட்டுவதும், ஸ்டியரிங் நேராக நேராக ஆக்ஸிலேட்டரை அதே அளவில் கூட்டுவதும் போதும்.

உள்ளே எந்த வகை என்று தெரியாமல் ஓட்டுவது

எல்லா எல்எஸ்டியும் ஒன்றல்ல. டைப் ஆர் வண்டிகளில் இருப்பது ஹெலிக்கல் வகை, முழுக்கப் பற்சக்கரங்கள். வழுக்கும் சக்கரம் தாங்கும் விசையைப் போல இத்தனை மடங்கு என்று கணக்குப் போட்டு மற்றதற்குக் கொடுக்கும். அந்த மடங்கு இரண்டரை என்று வைத்துக்கொள்வோம். ஈரத்தில் இருக்கும் சக்கரம் 100 நியூட்டன் மீட்டர் தாங்கினால் மற்றது 250 பெறும், நல்ல விஷயம். சேற்றில் சிக்கி 10 மட்டும் தாங்கினால் மற்றதற்கு 25-தான். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் இரண்டரை மடங்கு பூஜ்ஜியமும் பூஜ்ஜியமே. அதனால் ஹெலிக்கல் இருக்கிறதென்று நம்பிச் சகதியான ஓரத்தில் இறக்கிவிட்டு, அப்புறம் ஏறாமல் திண்டாடுவதில் ஆச்சரியமில்லை. அப்படி மாட்டிக்கொண்டால் ஆக்ஸிலேட்டரோடு பிரேக்கையும் இலேசாகத் தொட்டுப் பாருங்கள். வழுக்கும் சக்கரத்துக்கு பிரேக் ஒரு போலிப் பாரத்தைக் கொடுக்கும், பெருக்கிக் கொடுக்க ஹெலிக்கலுக்கு ஒரு எண் கிடைக்கும். சில புதிய வண்டிகளில் பிரேக்கை மிதித்தாலே கம்ப்யூட்டர் இன்ஜின் விசையை வெட்டிவிடும். அவற்றில் இது பலிக்காது.

பிளேட் வகை வேறு ஜாதி. ரேலிக்கும் பந்தயத்துக்கும் தயார் செய்கிறவர்கள் விரும்புவது இதைத்தான். இதில் இரண்டு சக்கரங்களையும் உராய்வால் பிணைக்கும் பிளேட்டுகள் எப்போதுமே ஓரளவு இறுக்கத்தில் அழுத்தப்பட்டிருக்கும், அதற்கு ப்ரீலோட் என்று பெயர். இறுக்கம் அதிகமாக வைத்த வண்டி மழையில் வளைவுக்குள் நுழையும்போதே முரண்டு பிடிக்கும், ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காவிட்டாலும்கூட. காரணம் எளிது. வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிகம் உருள வேண்டும். காய்ந்த ரோட்டில் டயரின் பிடிப்பு பிளேட்டை வென்று அதை நழுவ வைக்கும். ஈர ரோட்டில் பிளேட் டயரை வென்றுவிடும், டயர் தேய்த்துக்கொண்டு நேராகப் போகும். காலை எடுத்தாலும் பூட்டிக்கொள்ளும் டூ-வே வகையைத் தெருவில் ஓடும் முன்சக்கர இழுவைக் காரில் வைப்பது, என் கருத்தில், தேவையில்லாத வேலை. ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது மட்டும் பூட்டும் ஒன்-வே, அல்லது காலை எடுத்தால் இலேசாக மட்டும் பூட்டும் ஒன்றரை வழி, குறைந்த ப்ரீலோட், அதுவே அதிகம்.

மூன்றாவது, மின்னணு வகை. கோல்ஃப் ஜிடிஐயில் 2013 முதல் வரும் விஏக்யூ என்ற அமைப்பு, தேவைப்படும்போது ஹைட்ராலிக் அழுத்தத்தால் பிளேட்டுகளை இறுக்கும், வேண்டாதபோது முழுவதும் விட்டுவிடும். மழைக்கு மூன்றிலும் இதுதான் சாது. ஆனால் ஸ்போர்ட் மோடில் போட்டால் இதன் குணமும் மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

எக்ஸ்டிஎஸ் என்று விளம்பரத்தில் வருவது எல்எஸ்டியே அல்ல. அது உள்சக்கரத்தை பிரேக்கால் பிடிக்கும் மென்பொருள்.

"ஈஎஸ்பியை அணைத்தால்தான் எல்எஸ்டி வேலை செய்யும்"

ஈஎஸ்பி என்பது வண்டி வழுக்கினால் தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் போட்டு, இன்ஜினை அடக்கிச் சமாளிக்கும் கம்ப்யூட்டர். பந்தயத் தடத்தில், காய்ந்த நாளில், இதில் கொஞ்சம் உண்மை உண்டு. மழையில் இல்லை. மேலே சொன்ன பிரேக் வித்தையை வினாடிக்குப் பல தடவை, ஒரு சக்கரத்துக்கு மட்டும் தனியாக, ஈஎஸ்பியோடு சேர்ந்த டிராக்‌ஷன் கன்ட்ரோல் தானாகவே செய்கிறது. ஹெலிக்கலுக்கு அது எதிரியல்ல, கூட்டாளி. அதை அணைக்கிறவர் தன் எல்எஸ்டியின் பலவீனத்தைத்தான் திரும்பக் கொண்டுவருகிறார். வால் வீசினால் பிடிக்கவும் யாரும் இருக்க மாட்டார்கள். மேடான ஈரமான வழியில் அல்லது சேற்றில் நின்ற இடத்திலிருந்து கிளம்பவே முடியாமல் கம்ப்யூட்டர் இன்ஜினை அடக்கிக்கொண்டே இருந்தால், அந்த ஒரு நிமிடம் மட்டும் அணைத்து, நகர்ந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள்.

டயர் விஷயத்தில் நடக்கும் கூத்து

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் எங்கே போடுவது? முன்சக்கரம்தானே இழுக்கிறது, எல்எஸ்டியும் அங்கேதானே இருக்கிறது என்று முன்னால் போடுவார்கள். கடைக்காரரும் சரி என்பார். தவறு. புதியது பின்னால் போக வேண்டும் என்றுதான் டயர் நிறுவனங்களே சொல்கின்றன. முன்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், காலைத் தளர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்பக்கம் வழுக்கினால் பெரும்பாலானவர்களால் பிடிக்க முடியாது. எல்எஸ்டி முன்பக்கத்தை இன்னும் கெட்டியாக இழுக்கிற வண்டியில் பின்னால் மொட்டை டயர் வைப்பது வாலை வீசத் தூண்டுவது போலத்தான். பின்பக்கம் தடித்த ஆன்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) மாட்டியவர்கள் இதில் இரட்டைக் கவனமாக இருக்க வேண்டும்.

மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்ற நம்பிக்கையும் ஊரெங்கும் உண்டு. தண்ணீர் தேங்கிய ரோட்டில் நடப்பது நேர் எதிர். டயர் நீரின்மேல் மிதக்க ஆரம்பிக்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 1960-களில் நாசா செய்த சோதனைகள் காட்டின. அந்தக் கணக்கில் 33 பிஎஸ்ஐக்கு ஏறக்குறைய 95 கி.மீ. வேகம் வருகிறது, 25 பிஎஸ்ஐக்கு சுமார் 83. அது விமான டயருக்குப் போட்ட கணக்கு. அகலமான கார் டயர், தேய்ந்த பட்டன் என்றால் இன்னும் முன்னதாகவே மிதக்கலாம். நிறுவனம் சொன்ன காற்றை வையுங்கள். சட்டப்படி பட்டன் 1.6 மி.மீ. இருந்தால் போதும், ஆனால் மழைக்காலத்துக்கு 3 மி.மீ.க்குக் கீழே போன டயரை நம்ப வேண்டாம்.

இடது வலது டயர்கள் ஒரே மாதிரி, ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நேர் ரோட்டில்கூட எல்எஸ்டி ஓயாமல் வேலை செய்து சூடாகும், பிளேட் வகையானால் தேயும்.

தேங்கிய தண்ணீரில் ஸ்டியரிங் இழுப்பது

நம் சாலைகளில் தண்ணீர் இடது ஓரத்தில்தான் தேங்கும். இடது முன்சக்கரம் அதில் இறங்கியதும் இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடக்கின்றன. தண்ணீரே அந்தச் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். கூடவே, இடது சக்கரம் பிடிப்பை இழந்த நொடியில் எல்எஸ்டி விசையை வலது சக்கரத்துக்கு மாற்றும். வலது பக்கம் அதிகம் தள்ளினால் வண்டி இடது பக்கம் திரும்பும், ஸ்டியரிங்கும் அதே பக்கம் இழுக்கும். ஆக இரண்டும் கூடி உங்களைத் தண்ணீருக்குள்ளேயே இழுக்கின்றன. சாதாரண வண்டியில் முதல் இழுப்பு மட்டும்தான். 2002-இல் வந்த முதல் ஃபோர்டு ஃபோக்கஸ் ஆர்எஸ், எல்எஸ்டியால் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்குவதற்கே பெயர் போனது.

ஆக்ஸிலேட்டரை அழுத்தித் தண்ணீரைக் கடந்துவிடலாம் என்பதுதான் இங்கே தவறு. விசை அதிகமாக அதிகமாக இழுப்பும் அதிகமாகும். தண்ணீருக்கு முன்பே காலைத் தளர்த்தி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, இலேசான ஆக்ஸிலேட்டரில் கடந்துவிடுங்கள். உள்ளே இருக்கும்போது பிரேக் வேண்டாம். மழையில் க்ரூஸ் கன்ட்ரோலும் வேண்டாம். சக்கரம் மிதக்கும்போது கால் தளர்த்துவதற்குப் பதில் அது வேகத்தைக் காப்பாற்றப் பார்க்கும்.

மழைக்குப் பிறகு

முழங்கால் தண்ணீரில் போய் வந்தால் கியர்பாக்ஸ் ஆயிலைப் பார்க்க வேண்டும். முன்சக்கர இழுவையில் ஹெலிக்கல், பிளேட் இரண்டும் கியர்பாக்ஸுக்குள்ளேயே, அதே ஆயிலில் உட்கார்ந்திருக்கின்றன. சூடான கியர்பாக்ஸ் தண்ணீரில் இறங்கிச் சட்டென்று ஆறும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத்துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சக்கூடும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு ஆயில் பால் நிறத்தில் வந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. பிளேட் வகைக்கு அதற்கென்று உள்ள ஆயில்தான் ஊற்ற வேண்டும். வேறு எதையாவது ஊற்றினால் பார்க்கிங்கில் திருப்பும்போதே கடகடவென்று சொல்லிவிடும்.

கடைசியாக, மழையில் பஞ்சர். முன்சக்கரம் பஞ்சராகி, ஸ்டெப்னி அளவில் சின்னதாக இருந்தால் அதைப் பின்னால் போட்டு, பின்சக்கரத்தை முன்னால் கொண்டுவாருங்கள். ஜாக்கியில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு, சுற்றிப் பார்க்கலாமென்று இன்ஜினை ஓட்டிக் கியர் போட்டுவிடாதீர்கள். சாதாரண வண்டியில் தூக்கிய சக்கரம் மட்டும் சும்மா சுற்றும். பிளேட் எல்எஸ்டி தரையில் இருக்கும் சக்கரத்தையும் தள்ளும், வண்டி ஜாக்கியைவிட்டு இறங்கி முன்னால் போகும்.